லைவ் ஸ்டீம் மாடல் இன்ஜினின் பர்னரைச் சீராக்குவது எப்படி? டெல்டா வெயிலில் ஓட்டுபவர்களுக்கான முழு வழிகாட்டி

போன அக்னி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம், கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் என் லைவ் ஸ்டீம் இன்ஜினை, அதாவது நிஜ நீராவியில் ஓடும் மாடல் ரயில் இன்ஜினை, ஓட்டினேன். இரண்டு சுற்று வந்தது. மூன்றாவது சுற்றின் பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. பிரஷர் கேஜ் முள் 40 பி.எஸ்.ஐ.யிலிருந்து 15-க்கு இறங்கியிருந்தது. பர்னர் மட்டும் இரைச்சலோடு எரிந்துகொண்டே இருந்தது. ஸ்டீம் போதவில்லை என்றால் நெருப்பு போதவில்லை, நெருப்பு போதவில்லை என்றால் கேஸ் போதவில்லை என்று கணக்குப் போட்டு, ஜெட்டை (பர்னருக்குள் கேஸைப் பீய்ச்சும் நுண்துளை முனை) ஒரு சைஸ் பெரிதாக மாற்றினேன். இரைச்சல் கூடியது. சிம்னியிலிருந்து கண்ணெரியும் வாடை வந்தது. இன்ஜின் ஒரே சுற்றோடு நின்றது.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு வழக்கமாகப் போகும் லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறை அண்ணன் பம்ப்செட் டீசல் இன்ஜின் வேலை பார்த்தே முடி நரைத்தவர். பர்னரைக் கையில் வாங்கி, பக்கத்துத் துளைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, அடுப்புல வெறகு நெறையத்தான் கெடக்கு. ஊதுறதுக்குத்தான் ஆளில்ல" என்றார்.

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வரிக்கு உரைதான். லைவ் ஸ்டீம் பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. அவர்கள் கவலை, கேஸ் டேங்க் குளிர்ந்து பிரஷர் விழுவது. டேங்கைச் சுற்றி வெந்நீர் ஊற்றச் சொல்வார்கள். நம் ஊர் வெயிலில் அதை அப்படியே செய்தால் நோய்க்கு நேர்மாறான மருந்து கொடுத்த கதைதான். இங்கே கேஸ் தாராளமாக வருகிறது. காற்றுதான் கூட வருவதில்லை.

இங்கே பேசுவது 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும், பாய்லருக்குள் தீயும் புகையும் போகும் ஒற்றை ஃப்ளூ குழாய் உள்ள, கேஸில் எரியும் இன்ஜின்களைப் பற்றி. ஏன் 45? ஒரு மீட்டரை 22-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 45 மி.மீ. வரும். மாயவரம், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் மீட்டர் கேஜ் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கரித்தூள் கண்ணில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு போதும், வேறு அளவுக்குப் போகத் தோன்றாது.

முதலில், உயிர் சமாச்சாரம்

வீட்டுச் சமையல் சிலிண்டரிலிருந்து டேங்கை நிரப்பவே கூடாது. அதில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். 35 டிகிரியில் சுத்தப் பியூட்டேனின் பிரஷர், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து, 3.3 பார். புரொப்பேனுக்கு 12 பார். இத்தனூண்டு பித்தளை டேங்க் பியூட்டேனை நம்பிச் செய்யப்பட்டது. டேங்க் செய்தவர் என்ன கேஸ் என்று சொல்லியிருக்கிறாரோ அதை மட்டும் ஊற்றுங்கள்.

கேஸ் காற்றைவிட இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். திறந்த வெளியில், காற்றோட்டத்தில் நிரப்புங்கள். பூஜையறை விளக்கு எரிகிற கூடத்தில் வேண்டாம். டேங்கை முழுக்க நிரப்பாதீர்கள், ஐந்தில் நாலு பங்கு போதும். விளிம்புவரை நிரப்பினால் திரவமே ஜெட்டுக்கு வந்து, சிம்னியில் ஒரு முழ உயரத்துக்கு மஞ்சள் தீ எழும்பும். பக்கத்தில் நனைத்த சாக்கு ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

பர்னர் சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. கதவைச் சாத்திய அறையில் பர்னர் சோதனை செய்யவே வேண்டாம். கடைசியாக, பாய்லரில் தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட எரிக்காதீர்கள்.

படி 1: தொடுவதற்கு முன் அளந்து வையுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப்போகும் படி இது. நானும் தாண்டினேன், அதனால்தான் ஜெட் மாற்றியது தப்பு என்று புரிய ஒரு வாரம் ஆனது. "முன்னைக்குப் பரவாயில்லை" என்பது அளவு ஆகாது.

5 கிலோ தாங்கி 0.1 கிராம்வரை காட்டும் மின்னணுத் தராசு ஒன்று கைமாற்றாகக் கிடைத்தால் போதும். சிரிஞ்சால் அளந்து 150 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். கேஸ் நிரப்புங்கள். ரெகுலேட்டரை (இன்ஜினுக்கு ஸ்டீம் விடும் வால்வ்) மூடி, இன்ஜினை முழுதாக எடை போடுங்கள். பற்றவைத்து, கேஜ் 40 பி.எஸ்.ஐ. தொடும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, சேஃப்டி வால்வ் திறப்பதற்குள் கேஸை மூடி, மறுபடி எடை போடுங்கள். ஸ்டீம் வெளியே போகவில்லை, தண்ணீர் உள்ளேயே இருக்கிறது. ஆகவே குறைந்த எடை முழுவதும் எரிந்த கேஸ்.

இதில் கிடைக்கும் இரண்டு எண்களும் உங்கள் பர்னரின் ஜாதகம். 150 கிராம் தண்ணீரையும், சுமார் 600 கிராம் செம்புப் பாய்லரையும் 30 டிகிரியிலிருந்து 40 பி.எஸ்.ஐ.க்குரிய 141 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 96 கிலோஜூல் வேண்டும். ஒரு கிராம் பியூட்டேன் தருவது 45 கிலோஜூலுக்குச் சற்று மேல். ஒரு சொட்டுச் சூடும் வீணாகாவிட்டால் 2.1 கிராம் கேஸே போதும். பாதிச் சூடு பாய்லருக்குப் போனாலும் 4 கிராம் சொச்சத்தில் காரியம் முடியும், அது நல்ல பர்னர். 8 கிராம் ஆகிறதென்றால் நாலில் மூன்று பங்கு சிம்னி வழியாக வானத்துக்குப் போகிறது.

நேரம் அதிகம், கேஸும் அதிகம் என்றால் எரிதல் சரியில்லை, அல்லது சூடு தண்ணீருக்குப் போகவில்லை. நேரம் அதிகம், கேஸ் குறைவு என்றால்தான் உண்மையிலேயே கேஸ் போதவில்லை. அப்போது முதலில் அடைப்பைத் தேடுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் இதே சோதனையை இதே நேரத்தில் செய்யுங்கள். காலை 7 மணி அளவையும் மத்தியானம் 2 மணி அளவையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஏன் என்பது படி 3-ல் வரும்.

படி 2: சுத்தம்

பர்னரைக் கழற்றி வெளிச்சத்தில் நீட்டிப் பாருங்கள். என்னுடையதில் ஒருமுறை உள்ளே களிமண் இருந்தது. மழைக்காலம் முழுக்க அலமாரியில் கிடந்த இன்ஜினின் பர்னர் குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. ஆற்றோரம் வீடு இருப்பவர்கள் யாரும் இதைக் கேட்டுச் சிரிக்கமாட்டார்கள். குளவிக்கு 8 மி.மீ. குழாய் மாளிகை. கூடு முழுக்க அடைத்திருந்தால் பர்னர் எரியாது, உடனே தெரிந்துவிடும். பாதி அடைத்திருந்தால் எரியும், மஞ்சளாக எரியும், நீங்கள் ஜெட்டைச் சந்தேகிப்பீர்கள்.

குழாயை டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஊதி எடுங்கள். தீ வெளிவரும் மெல்லிய பிளவுகளான ஸ்லாட்டுகளில் உள்ள கருப்பை மெல்லிய பேப்பர் அட்டையால் வழித்து எடுக்கலாம்.

ஜெட் விஷயத்தில் மட்டும் கை பரபரக்கக் கூடாது. பம்ப் ஸ்டவ் காலத்துப் பழக்கத்தில் ஸ்டவ் பின்னை எடுத்துக் குத்தத் தோன்றும். இந்த ஜெட்டுகளின் துளை 0.15-லிருந்து 0.25 மி.மீ. வரைதான். பித்தளையில் எஃகுக் கம்பியை நுழைத்தால் துளை நீள்வட்டமாகும், கேஸ் கோணலாகப் பாயும், அதன் பிறகு எந்தச் சரிசெய்தலும் எடுபடாது. பெயின்ட் கடைத் தின்னரில் ஒரு இரவு ஊறவைத்து, துளையின் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகக் காற்றடியுங்கள். நகை வேலை செய்பவர் கண்ணில் மாட்டும் லென்ஸ் இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். வட்டமான ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை தெரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. தின்னர் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

படி 3: கேஸின் வேகத்தை அடக்குங்கள்

டேங்கில் இருப்பது கொதிக்கக் காத்திருக்கும் திரவம். பியூட்டேன் கொதிப்பதே பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் பிரஷராக மாறும். 20 டிகிரியில் 2.1 பார். 30-ல் 2.8. 35-ல் 3.3. 40-ல் 3.8. இவ்வளவு பிரஷரில் ஜெட்டிலிருந்து கேஸ் ஒலியின் வேகத்தில் வெளியேறுகிறது. அந்த நிலையில் பாய்கிற கேஸின் எடை, உள்ளே இருக்கும் பிரஷருக்கு நேர்விகிதத்தில் கூடும். அதாவது 20 டிகிரி நாட்டில் சரிபார்த்து அனுப்பிய ஜெட், கும்பகோணத்து 35 டிகிரியில் ஒன்றரை மடங்கு கேஸைக் கொட்டும். வால்வ் அதே இடத்தில்தான் இருக்கும், நீங்கள் எதையும் தொட்டிருக்கமாட்டீர்கள்.

இன்னொரு பக்கம் காற்று. 35 டிகிரி காற்று 20 டிகிரி காற்றைவிட 5 சதவீதம் லேசு. ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால், துளைக்குள் நுழையும் காற்றில் கிட்டத்தட்ட 4 சதவீதம் வெறும் நீராவி. அது எரிவதற்கு உதவாது. ஒரு பக்கம் கேஸ் ஒன்றரை மடங்கு, இன்னொரு பக்கம் பிராணவாயு பத்தில் ஒரு பங்கு போலக் குறைவு. பட்டறை அண்ணன் சொன்னது இதுதான், அவர் கணக்குப் போடாமலே சொல்லிவிட்டார்.

செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, கேஸ் டேங்குக்கும் பாய்லர் பின்தகட்டுக்கும் நடுவே கார்க் தகடு வையுங்கள். கேப்புக்குள் (டிரைவர் நிற்கும் கூண்டு) இரண்டும் தொட்டுக்கொண்டு இருந்தால், ஓட ஓட டேங்க் சூடாகிக்கொண்டே போகும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு இரையத் தொடங்கும் இன்ஜின்களுக்கு இதுதான் காரணம். இரண்டாவது, டேங்கைச் சுற்றித் தண்ணீர் தொட்டி இருந்தால் அதில் மண்பானைத் தண்ணீர் ஊற்றுங்கள். சித்திரை வெயிலிலும் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். ஆவியாகும் கேஸ் டேங்கைக் குளிர்விக்கப் பார்க்கும், பாய்லர் சூடாக்கப் பார்க்கும், நடுவில் தண்ணீர் இருந்து இரண்டையும் சமாதானப்படுத்தும். ஐஸ் வேண்டாம், பிரஷர் அளவுக்கு மீறி விழும்.

மூன்றாவது, வால்வைத் திறக்கும் கை. வால்வ் ஊசி மழுங்கியிருந்தால் மயிரிழை திருப்பினாலே வெள்ளமாக வரும். ஊசிமுனையை லேத்தில் கூர்மையாக, நீண்ட சரிவாகக் கடைந்து மாற்றினால், முழுச் சுற்றில் பாதியாவது உங்கள் கட்டுப்பாட்டுக்கு வரும். செலவு சொற்பம். என் இன்ஜினில் நான் செய்த வேலைகளிலேயே அதிகம் பலன் தந்தவற்றில் இது ஒன்று.

படி 4: ஜெட்டைச் சிறிதாக்கிப் பாருங்கள்

ஆமாம், சிறிதாக. ஒரு 45 மி.மீ. இன்ஜினுக்கு ஓடும்போது தேவைப்படும் நெருப்பு சுமார் அரை கிலோவாட்தான். 0.2 மி.மீ. ஜெட் 20 டிகிரியில் வால்வை முழுக்கத் திறந்தால் அதைவிட அதிகமாகவே தரும். நம் வெயிலில் கிலோவாட்டையே தாண்டும். 0.2-லிருந்து 0.25-க்குப் போனால் ஏதோ கொஞ்சம் கூட்டினோம் என்று தோன்றும். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கம் என்பதால், கேஸ் 56 சதவீதம் கூடுகிறது. நான் விழுந்த குழி அது.

சிறிய ஜெட்டில் வேறொரு லாபமும் இருக்கிறது. அதே அளவு கேஸைச் சிறிய துளை வழியாக, அதிகப் பிரஷரில் அனுப்பினால் பாய்ச்சல் வேகமாக இருக்கும். வேகமான பாய்ச்சல் பக்கத்துக் காற்றையும் வாரி இழுத்துக்கொண்டு போகும். வால்வைப் பாதி மூடிப் பெரிய ஜெட்டில் ஓட்டினால், ஜெட்டுக்கு வரும் முன்னரே பிரஷர் செத்துவிடும், காற்றை இழுக்க வலு இருக்காது. ஆகவே எதைச் சின்னதாக்குவது என்று கேட்டால் ஜெட்டை என்பேன், வால்வை அல்ல.

படி 5: காற்று

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு பங்கு பியூட்டேன் முழுதாக எரிய 31 பங்கு காற்று வேண்டும். அரை கிலோவாட் நெருப்புக்கு நிமிடத்துக்கு எட்டு ஒன்பது லிட்டர். இரண்டு பெரிய சோடா பாட்டில் கொள்ளும் இடத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல், ஒவ்வொரு நிமிடமும், சுண்டுவிரல் நுழையாத துளைகள் வழியாகப் போயாக வேண்டும். இதில் ஒரு பகுதி ஜெட்டுக்குப் பக்கத்துத் துளைகள் வழியாகக் கேஸோடு கலந்து போகும். மீதி, பர்னரைச் சுற்றி ஃப்ளூ வாயில் இருக்கும் இடைவெளி வழியாகப் போகும்.

ஜெட் முனை எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். காற்றுத் துளையின் பின்விளிம்பை ஒட்டி முனை நிற்க வேண்டும். துளையின் நடுவைத் தாண்டி முனை நீட்டிக்கொண்டிருந்தால் காற்று நுழையும் இடத்தையே மறைக்கிறது. மெல்லிய செம்பு வாஷர் ஒன்றைப் போட்டுப் பின்னால் இழுத்தாலே பல பர்னர்கள் திருந்திவிடும். ஜெட் குழாயின் மையத்தில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கேஸ் குழாயின் சுவரில் மோதினால் இழுக்கும் சக்தி போய்விடும். ஜெட்டைக் கழற்றிவிட்டு அந்த மரையில் சரியாக உட்காரும் ஒரு பித்தளைக் குச்சியைக் கடைந்து நுழைத்துப் பார்த்தால், குச்சி குழாயின் நடுவில் போகிறதா, ஓரத்தில் உரசுகிறதா என்று தெரிந்துவிடும்.

துளைகளின் உள்விளிம்பில் டிரில் போட்ட பிசிறு இருக்கும். கடையில் வாங்கிய பர்னர்களிலும் பார்த்திருக்கிறேன். வட்ட அரத்தால் அதை வழித்தெடுங்கள். இதை மட்டும் செய்துவிட்டுப் படி 1 சோதனையைச் செய்தால் வித்தியாசம் தராசிலேயே தெரியும்.

அதற்கும் பிறகு காற்று போதவில்லை என்றால் துளையைப் பெரிதாக்கலாம். டிரில் போட்டதைத் திரும்ப மூட முடியாது என்பதால் நான் கடைப்பிடிக்கும் முறை: துளைகளை தேவைக்குச் சற்று அதிகமாகவே 0.2 மி.மீ. கூட்டிக் கூட்டித் திறந்துவிட்டு, மேலே பித்தளைத் தகட்டில் ஒரு வளையம் சுற்றிப் போடுவது. வளையத்தை நகர்த்தினால் துளை மூடும், திறக்கும். மழைநாளுக்கு ஒரு இடம், கோடைக்கு ஒரு இடம். வீட்டுக் கேஸ் அடுப்பின் அடியில் இருக்கும் காற்றுத் தடுப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. கும்பகோணம், நாச்சியார்கோவில் பக்கம் இருப்பவர்களுக்குப் பித்தளைத் துண்டு கிடைக்காது என்ற கவலையே இல்லை.

தீயைப் பார்க்கும் நேரம், விளக்கு வைக்கிற நேரம். வெயிலில் நீலத்தீ கண்ணுக்குத் தெரியாது. பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை ஃப்ளூ வாய்க்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பர்னரை வெளியே எடுத்து எரித்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். வெளியே சுற்றிலும் காற்று இருப்பதால் எல்லாப் பர்னரும் யோக்கியமாகத்தான் எரியும். குழாய்க்குள் அடைத்த பிறகுதான் சுயரூபம்.

ஒவ்வொரு ஸ்லாட்டின் மேலும் சிறிய, தெளிவான நீலக் கூம்பு இருந்து, அதைச் சுற்றி மங்கலான நீலம் படர்ந்தால் நல்லது. நுனியில் மஞ்சள் அசைந்தால் காற்று போதவில்லை. தீ ஸ்லாட்டை விட்டு எழும்பி அந்தரத்தில் ஆடினால் வேகம் கூடிவிட்டது, கேஸையோ காற்றையோ குறையுங்கள். ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது: நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி பக்கக் கடற்காற்றில் உப்பு இருக்கும். தீயில் ஆரஞ்சுப் பொறிகள் மினுக்கும். அது சோடியத்தின் நிறம், பர்னரின் குற்றம் அல்ல. சந்தேகமிருந்தால் பர்னரை வெளியே எடுத்து எரித்து, குளிர்ந்த எவர்சில்வர் ஸ்பூனைத் தீக்கு மேலே ஒரு நொடி காட்டுங்கள். கரி படிந்தால் நிச்சயம் காற்றுக் குறை. படியாவிட்டால் உப்பாக இருக்கலாம், உள்ளே எரியும் தீயைக் கண்ணாடியில் மறுபடி பார்த்து உறுதி செய்யுங்கள். வெளியிலேயே கரி படியும் பர்னர் உள்ளே என்ன செய்யும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

படி 6: ஸ்லாட்டுகளும் அந்த ஊளையும்

ஸ்லாட் அகலம் அரை மி.மீ.க்குள் இருக்கட்டும். அகலமானால் தீ உள்ளே இறங்கி ஜெட் வாயிலேயே எரியும். பர்னரின் பின்பக்கம் சிவந்து சூடானால் அதுதான் நடக்கிறது. உடனே மூடுங்கள். ஆறிய பிறகு காற்றைச் சற்றுக் குறைத்துப் பற்றவையுங்கள். நகை வேலைக்கான மெல்லிய ரம்பத்தில் வெட்டினால் அகலம் ஒரே சீராக வரும்.

சில பர்னர்கள் தெருமுனைவரை கேட்கும்படி ஊளையிடும். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த ஊரில் இதை விளக்குவது சுலபம். ஃப்ளூ ஒரு குழல். தீயின் துடிப்பும் குழலுக்குள் இருக்கும் காற்றின் இயல்பான அதிர்வும் ஒத்துப்போனால் குழல் பாடத் தொடங்கிவிடும். 20 செ.மீ. ஃப்ளூவில் சுடுகாற்றின் கணக்குப்படி அது சுமார் 1500 ஹெர்ட்ஸ், காதைக் கிழிக்கும் சுதி. ஊளை கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், அந்தத் துடிப்பில் தீ அணைந்து அணைந்து எரிவதால் எரியாத கேஸ் வெளியேறும்.

சரிசெய்ய, பர்னரை ஃப்ளூவுக்குள் சில மி.மீ. முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். கேஸைக் குறைத்துப் பாருங்கள். இரண்டிலும் அடங்காவிட்டால் டீ வடிகட்டியின் எவர்சில்வர் வலையை வெட்டி, பர்னரின் மேல் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, மெல்லிய எவர்சில்வர் கம்பியால் கட்டுங்கள். வலை தீயைச் சின்னச் சின்னதாக உடைத்து அமைதிப்படுத்தும். இரண்டு சுற்று சுற்றினால் காற்றுக்குத் தடை, மறுபடி மஞ்சள் வரும். வலை செக்கச்செவேலென்று கனன்றால் பயப்பட வேண்டாம், அந்தக் கனல் ஃப்ளூ சுவருக்குச் சூட்டை வீசிக் கொடுக்கும். ஆனால் வலை மாதக்கணக்கில் அரித்துப்போகும், அவ்வப்போது மாற்றுங்கள்.

படி 7: புகை போகும் வழி

உள்ளே நுழைந்த காற்று வெளியே போக வழி இல்லாவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீண். நான் காற்றுத் துளையோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டிய பிறகுதான் சிம்னிக்கு அடியில் இருக்கும் புகை அறையான ஸ்மோக் பாக்ஸின் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று கண்டுபிடித்தேன். இன்ஜின் ஓடும்போது வேலை முடித்து வெளியேறும் எக்ஸாஸ்ட் ஸ்டீம் சிம்னி வழியாகப் பாய்ந்து, ஸ்மோக் பாக்ஸில் ஒரு இழுப்பை உண்டாக்கும். அந்த இழுப்புதான் ஃப்ளூ வழியாகக் காற்றை வாங்குகிறது. கதவு இடுக்கில் காற்று நுழைந்தால் ஃப்ளூவுக்கு இழுப்பு இல்லை.

சோதிக்க ஊதுபத்தி போதும். கேஸ் டேங்கைக் காலி செய்து, வாடையே இல்லாத நிலையில் மட்டும் இதைச் செய்யுங்கள். இன்ஜினைச் சக்கரம் தரையில் படாமல் கட்டையில் தூக்கி வைத்து, ஸ்டீம் குழாயில் சைக்கிள் பம்ப் காற்றைச் செலுத்திச் சக்கரத்தைச் சுற்றவிடுங்கள். ஊதுபத்தியை ஃப்ளூ வாயில் காட்டினால் புகை ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இழுபட வேண்டும். அசையாமல் மேலே போனால் இழுப்பு இல்லை. பிறகு ஊதுபத்தியைக் கதவைச் சுற்றிக் காட்டுங்கள், கசிவு எங்கே என்று புகையே காட்டிக்கொடுக்கும்.

எக்ஸாஸ்ட் முனை சிம்னிக்கு நேர் கீழே இருக்கிறதா என்று பார்க்க, நேரான தென்னை ஈர்க்குச்சி ஒன்றைச் சிம்னி வழியாக முனைக்குள் செருகுங்கள். குச்சி சிம்னியின் நடுவில் நின்றால் சரி. ஒரு பக்கம் சாய்ந்தால் முனையை மெதுவாக வளைத்து நேராக்குங்கள்.

நிலக்கரி இன்ஜின் வரைபடத்தைப் பார்த்துக் கேஸ் இன்ஜினுக்கு முனை போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலக்கரிக்குப் பலமான இழுப்பு வேண்டும். கேஸ் தீக்கு அவ்வளவு இழுப்பு ஆகாது, தீயையே பிய்த்துக்கொண்டு போய்விடும். நிற்கும்போது நன்றாக எரிந்து, ஓடத் தொடங்கியதும் படபடத்து அணையும் இன்ஜின் என்றால் முனைத் துளையைச் சற்றுப் பெரிதாக்குங்கள். ஃப்ளூவுக்குள் ஸ்டீமை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் குழாய் போகிறதென்றால், அது பர்னரின் மேலே ஒட்டிக் கிடக்காமல் இடைவெளி விட்டுப் போகட்டும். தீ குளிர்ந்த குழாயில் நேராக மோதினால் எரிதல் பாதியில் நின்றுவிடும்.

நல்ல தீ கிடைத்தும் சூடு தண்ணீருக்குப் போகவில்லை என்றால் உப்புப் படிவத்தைச் சந்தேகியுங்கள். கடலோர டெல்டாவின் போர் தண்ணீரைப் பாய்லரில் ஊற்றுவது செம்புக்கு வெள்ளை அடிப்பது போல. ஐப்பசி மழையில் பிடித்துவைத்த தண்ணீரை வடிகட்டி ஊற்றுகிறேன், ஒரு குடம் எனக்கு வருஷத்துக்குக் காணும்.

பற்றவைக்கும் முறை

சிம்னி வாயில் லைட்டரைப் பிடித்துக்கொண்டு, கேஸ் வால்வை மெல்லத் திறவுங்கள். "பொப்" என்ற சத்தத்தோடு தீ ஸ்மோக் பாக்ஸிலிருந்து ஃப்ளூ வழியாகப் பின்னால் ஓடி பர்னரில் உட்காரும். ஸ்மோக் பாக்ஸிலேயே தங்கி எரிந்தால் கேஸ் அதிகம். மூடிவிட்டு, அரை நிமிடம் பொறுத்து, உள்ளே தங்கிய கேஸ் போன பிறகு குறைவாகத் திறந்து பற்றவையுங்கள். பொறுமை இல்லாமல் உடனே பற்றவைத்துப் புருவத்தைக் கருக்கிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

முதல் இரண்டு நிமிடம் பாய்லர் குளிர்ந்திருப்பதால் தீ சற்று மஞ்சள் காட்டும், அதைப் பார்த்து வளையத்தை நகர்த்த வேண்டாம். கேஜ் 10 பி.எஸ்.ஐ. தாண்டிய பிறகு தெரிகிற தீயே நிஜம். ஓடும்போது சேஃப்டி வால்வ் சதா சீறிக்கொண்டிருந்தால் அதைப் பெருமையாக நினைக்காதீர்கள், கேஸ் வால்வைக் கொஞ்சம் மூடுங்கள். சீறும் ஸ்டீம் எல்லாம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கேஸ்.

ஸ்பிரிட்டில் ஓடும் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. தமிழ்நாட்டில் ஸ்பிரிட் வாங்கவும் வைத்திருக்கவும் கட்டுப்பாடு கடுமை, சட்டப்படி வழி இருந்தால் மட்டும் தொடுங்கள். அதன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது, கை சுட்ட பிறகுதான் தெரியும். பர்னர் பலம் குறைந்தால் முக்கால்வாசி நேரம் திரியை இறுக்கி அடைத்திருப்பதுதான் காரணம். திரிகளை உருவி எடுத்து, இழைகளைக் குறைத்து, தளர்வாகச் செருகி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு வெட்டுங்கள்.

மூடி வைக்கும்போது

ஓட்டி முடித்ததும் கேஸை டேங்கில் விட்டுவைக்காமல் எரித்துத் தீர்த்துவிடுங்கள். பாய்லர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே தண்ணீரை வடித்துவிட்டால், மிச்சச் சூட்டில் உள்ளே தானாகக் காய்ந்துவிடும். பர்னரைக் கழற்றித் துடைத்து, ஜெட்டைத் தனியாகச் சின்ன டப்பாவில் போடுங்கள். ஃப்ளூ வாய், சிம்னி வாய், பர்னரின் காற்றுத் துளைகள் மூன்றிலும் பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டிவிடுங்கள். பற்றவைக்கும் முன் அதை அவிழ்க்க மறக்காமல் இருக்க, துணியின் ஒரு நுனியை ரெகுலேட்டர் பிடியில் முடிந்துவைப்பது என் வழக்கம். எங்கள் வீட்டுக் குளவி இந்த வருஷம் மீட்டர் பெட்டிக்குக் குடிபோய்விட்டது.